முதல் .22: போல்ட் ரைபிளைத் தேர்வதும் ரேஞ்சில் நிலைப்பதும்

பத்து மீட்டர் ஏர் ரைபிளில் கை ஓரளவு நிலைத்து, இனி ஐம்பது மீட்டருக்குப் போகலாம் என்று நினைப்பவருக்கான அத்தியாயம் இது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடிப் பக்கத்திலிருந்து மதுரைக்கு வண்டியேறிப் போய்ப் பழகப் போகிறவரை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

கடைக்குப் போனால் முதலில் துப்பாக்கியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். நீங்கள் அந்த வரிசையில் போகாதீர்கள். முதலில் ரேஞ்சு, அடுத்து உரிமம், அப்புறம் உங்கள் உடம்பின் அளவு, அதன்பின் துப்பாக்கி, கடைசியாக அந்தத் துப்பாக்கிக்கு ஒத்துவரும் தோட்டா. இந்த வரிசையை மாற்றியவர்கள் வீட்டில்தான் வாங்கிய ரைபிள் பீரோவுக்குள்ளேயே கிடக்கிறது.

## பன்றிக்காக என்றால் இந்த அத்தியாயம் உங்களுக்கு இல்லை

நம் வட்டாரத்தில் ".22 ஒண்ணு வாங்கணும்" என்று கேட்கிறவர்களில் பலர் மனதில் இருப்பது காட்டுப்பன்றி. மக்காச்சோளத்தையும் கடலையையும் ஒரே இரவில் உழுதுவிட்டுப் போகும்போது வருகிற கோபம் நியாயமானது. ஆனாலும் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

1. காட்டுப்பன்றி, மான், மயில் எல்லாம் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருபவை. தனியார் சுட்டால் வழக்குதான். பயிர் அழிந்தால் படம் எடுத்து வைத்து, கிராம நிர்வாக அலுவலர் வழியாக வனத்துறையிடம் இழப்பீட்டுக்கு மனு கொடுங்கள்.
2. .22 தோட்டாவின் குண்டு சுமார் 2.6 கிராம்தான். அது பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தி விரட்டும். ஆனால் குறி தப்பினால் வெகுதூரம் போகும். தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் என்று எச்சரிக்கை அச்சிட்டிருப்பார்கள். மேடு பள்ளமில்லாத கரிசல் காட்டில், கருவேலம் புதருக்குள் ஆடு மேய்க்கிறவரும் கரிமூட்டம் போடுகிறவரும் நம் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள்.

ஆகவே சொந்த நிலமானாலும் கண்மாய்க் கரையானாலும் வேண்டாம். சுடுவதற்கான இடம் அனுமதி பெற்ற ரேஞ்சு மட்டுமே.

## படி 1: ரேஞ்சை முடிவு செய்யுங்கள்

அருப்புக்கோட்டையிலிருந்து மதுரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். நமக்குப் பக்கம் மதுரை ரைபிள் கிளப். திருச்சி, கோவை, சென்னையிலும் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. சேருமுன் நேரில் போய்க் கேட்க வேண்டியவை:

1. எத்தனை மீட்டர் வரை சுடலாம்? .22க்கு எந்தெந்த நாள், எந்தெந்த நேரம்?
2. கிளப்பிலேயே .22 ரைபிள் இருக்கிறதா? புது உறுப்பினர் அதில் பழகலாமா?
3. தோட்டா கிளப் மூலம் கிடைக்குமா, உறுப்பினரே வாங்கி வர வேண்டுமா?
4. சுடும் நேரத்தில் ரேஞ்சு அதிகாரி எப்போதும் இருப்பாரா?

இரண்டாவது கேள்விக்கு "இருக்கிறது, பழகலாம்" என்று பதில் வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். சொந்தத் துப்பாக்கிக்கு அவசரப்படாமல் ஒரு பருவம் முழுக்கக் கிளப் ரைபிளிலேயே சுடுங்கள். எந்த நீளம், எந்த எடை உங்களுக்குத் தோதுப்படும் என்பதை அது சொல்லிக் கொடுப்பதுபோல் எந்தக் கடைக்காரரும் சொல்ல முடியாது. கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்கள் .22 டீலக்ஸ் ரைபிளில் படுத்துச் சுட்டிருப்பார்கள். அந்தப் பழக்கம் நல்ல அடித்தளம்.

குறிப்பு: 21 வயது நிரம்பாதவருக்குச் சொந்த ஆயுத உரிமம் கிடையாது. வயது குறைந்த பிள்ளைகள் கிளப்பின் மேற்பார்வையில் பயிற்சி எடுக்க வழி இருக்கிறது. கிளப் செயலாளரிடம் கேளுங்கள். அதுவரை ஏர் ரைபிள் போதும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் உள்ள ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை.

## படி 2: உரிமம்

உரிமம் கையில் வராமல் துப்பாக்கிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. நம் மாவட்டத்துக்கு உரிமம் தருபவர் விருதுநகர் மாவட்ட ஆட்சியர். விண்ணப்பம் கொடுத்தபின் காவல்துறை விசாரணை நடக்கும். மருத்துவச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று, வீட்டில் பூட்டிவைக்க ஏற்பாடு உண்டு என்ற உறுதி ஆகியவை வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு உரிமம் 5 ஆண்டுக்குச் செல்லும். சாதாரண உரிமதாரர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம். விளையாட்டு வீரர்களுக்குத் தகுதியைப் பொறுத்துத் தனிச் சலுகை உண்டு.

பலரும் கோட்டை விடுவது இரண்டு இடங்களில்.

காரணத்தில்: விண்ணப்பத்தில் "தற்காப்பு" என்று பழக்கதோஷத்தில் எழுதிவிடுவார்கள். உங்கள் காரணம் இலக்குச் சுடும் பயிற்சி. கிளப் உறுப்பினர் சான்றை இணைத்து அதையே எழுதுங்கள். உண்மையும் அதுதான்.

எல்லையில்: உரிமத்தில் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்று ஓர் இடம் இருக்கும். உங்கள் ரேஞ்சு இருப்பது மதுரை மாவட்டத்தில். விருதுநகர் மாவட்டத்துக்கு மட்டும் என்று வாங்கிக்கொண்டு காரியாபட்டியைத் தாண்டினால் சிக்கல். மாநிலம் முழுமைக்கும் செல்லுபடியாகுமாறு முதலிலேயே கேளுங்கள்.

பழைய துப்பாக்கியைத் தனியாரிடம் வாங்குவதானால், விற்பவர் மாவட்ட நிர்வாகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் கடந்த பிறகே கைமாற்ற வேண்டும். "தெரிஞ்சவர்தான், எடுத்துட்டுப் போங்க, அப்புறம் எழுதிக்கலாம்" என்பதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். வாங்கியதும் எண்ணை உரிமத்தில் பதிய வைத்துவிடுங்கள்.

## படி 3: ஏன் போல்ட்? ஏன் ரிம்ஃபயர்?

ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் மருந்து அடிப்பாகத்தின் விளிம்புக்குள் இருக்கும். ஊசி அந்த விளிம்பை நசுக்கும்போது வெடிக்கிறது. .22 லாங் ரைஃபிள் என்ற இந்தத் தோட்டா 1887இல் வந்தது. இன்றும் ஒலிம்பிக் ஐம்பது மீட்டர் போட்டி இதில்தான் நடக்கிறது. உதை மிகக் குறைவு, சத்தம் குறைவு. சுட்ட வெற்றுக்கூட்டை மறுபடி நிரப்ப முடியாது.

போல்ட் ரைபிளில் ஒவ்வொரு முறையும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்க வேண்டும். அந்த நிதானமே புதியவருக்குப் பாதுகாப்பு. போல்ட் திறந்திருப்பது பத்தடி தள்ளி நிற்பவர் கண்ணிலும் படும். தோட்டா இருக்கும் அறையின் கதவு இறுக்கமாகப் பூட்டுவதால் குறியும் நன்றாக நிற்கும். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸில் ஐம்பது மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கிய ஸ்வப்னில் குசாலே, கோலாப்பூர் பக்கத்துக் கிராமத்துக்காரர், அப்போது ரயில்வே டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். அவர் சுட்டதும் போல்ட் ரிம்ஃபயரில்தான்.

## படி 4: உடம்புக்கு அளவெடுங்கள்

1. முழங்கையை மடக்கி, ரைபிளின் அடிக்கட்டையை முழங்கையின் உட்பக்கம் வையுங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு ட்ரிக்கரில் இயல்பாக விழ வேண்டும். எட்டவில்லை என்றால் கட்டை நீளம். தாண்டிப் போனால் குட்டை.
2. கண்ணை மூடி, ரைபிளைத் தோளில் ஏற்றி, கன்னத்தைக் கட்டையில் சாயுங்கள். கண்ணைத் திறந்ததும் சைட் நேராகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ ஒடுக்கியோ தேட வேண்டியிருந்தால் கன்னப் பலகையை ஏற்றி இறக்க முடியுமா என்று பாருங்கள்.
3. எந்தக் கண் ஓங்கியது என்று சோதியுங்கள். இரண்டு கண்ணும் திறந்து தூரத்து மின்கம்பத்தை விரலால் சுட்டி, ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண்ணை மூடினால் விரல் விலகுகிறதோ அதுவே ஓங்கிய கண். வலக்கைக்காரருக்கு இடக்கண் ஓங்கியிருந்தால் பயிற்சியாளரிடம் பேசிவிட்டு வாங்குங்கள்.
4. நின்றபடி ஒரு நிமிடம் தாங்கிப் பாருங்கள். கடையில் பத்து விநாடி தூக்கிவிட்டு "லேசா இருக்கு" என்பது கணக்கில் சேராது.

## படி 5: எந்த ரைபிள்?

இந்தியாவில் புதிதாக, எளிதில் கிடைப்பது இஷாப்பூர் தொழிற்சாலையின் .22 ஸ்போர்ட்டிங் ரைபிள். பழகவும் உறுப்பினர் போட்டிக்கும் போதும். ட்ரிக்கர் கொஞ்சம் முரடாக இருக்கும். அறிந்த துப்பாக்கி மெக்கானிக்கிடம், அதுவும் உரிமம் உள்ளவரிடம் மட்டுமே சரிபார்க்கக் கொடுங்கள்.

கைமாறி வருபவற்றில் செக் நாட்டு ப்ர்னோவும் இங்கிலாந்தின் பி.எஸ்.ஏ.வும் நல்ல பெயர் எடுத்தவை. நன்றாக வைத்திருந்த ஒரு ப்ர்னோ கிடைத்தால், என் கருத்தில், புதிதைவிட அதுவே மேல்.

ஆன்ஷுட்ஸ், வால்தர், ஃபைன்வெர்க்பாவ் போன்ற ஜெர்மன் போட்டி ரைபிள்களை நினைத்து இப்போதைக்கு மனத்தைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டிலிருந்து தனிநபர் தருவிப்பது தகுதி பெற்ற வீரர்களுக்கான வழி. அந்தப் பணத்தில் பெரும்பகுதியைத் தோட்டாவுக்கும் பயணத்துக்கும் ஒதுக்கினால் உங்கள் புள்ளி வேகமாக ஏறும்.

### பழையதைச் சோதிக்கும் வரிசை

1. போல்ட்டைத் திறந்து, அறை காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். விற்பவர் "காலிதான்" என்று சொன்னாலும் நீங்களே பாருங்கள்.
2. குழலில் அடித்துள்ள எண்ணும் உரிமத்தில் உள்ள எண்ணும் ஒன்றா?
3. போல்ட்டைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். நடுவில் கறுப்பு வளையம் தெரிந்தால் ஒருமுறை குண்டு சிக்கி அடுத்தது மோதி வீங்கியிருக்கலாம். வாங்காதீர்கள்.
4. குழலின் வாய் விளிம்பைப் பாருங்கள். வாய்ப்பக்கமாகக் கம்பி விட்டுத் துடைத்தே அங்கே தேய்த்திருப்பார்கள். குறி கெடுவதற்கு இதுவே பெரிய காரணம்.
5. அறையின் வாயில் ஊசி குத்திய பள்ளம் இருக்கிறதா? தோட்டா இல்லாமல் வெறுமனே ட்ரிக்கரை அழுத்தி விளையாடியதன் தடம் அது. பள்ளம் ஆழமாக இருந்தால் தோட்டா ஏறுவதும் இறங்குவதும் தடைப்படும்.
6. காலி அறையில் போல்ட்டை வேகமாக மூடி, அடிக்கட்டையை ரப்பர் விரிப்பில் தட்டுங்கள். ட்ரிக்கரைத் தொடாமலே ஊசி இறங்கினால் அந்தத் துப்பாக்கி ஆபத்தானது. அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.
7. முடிந்தால் ரேஞ்சில் சுட்டுப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

## படி 6: தோட்டாவோடு பொருத்தம் பார்ப்பது

ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த எண் என்றாலும் ஒவ்வொரு .22 குழலும் ஒவ்வொரு தோட்டாவை விரும்பும். கிடைக்கும் வகைகளில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, மணல் மூட்டைமேல் தாங்கி, ஐம்பது மீட்டரில் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். வகை மாற்றும்போது முதல் சில தோட்டாக்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். முந்தைய தோட்டாவின் மெழுகு போய்ப் புதியது படியும்வரை குறி அலையும். ஐந்து ஓட்டையும் எதில் நெருங்கி விழுகிறதோ, அதே வகையில் அதே தயாரிப்புத் தொகுதி எண் உள்ள பெட்டிகளைச் சேர்த்து வாங்குங்கள். குறி நடுவில் விழவில்லையே என்று கவலை வேண்டாம். நடுவுக்குக் கொண்டுவருவது சைட்டின் வேலை.

வேகம் விநாடிக்கு 320 முதல் 330 மீட்டர் வரையுள்ள சாதாரண வேகத் தோட்டாவே இலக்குச் சுடுதலுக்கு ஏற்றது. "ஹை வெலாசிட்டி" என்று அச்சிட்ட பெட்டி வேண்டாம்.

ஆனி, ஆடியில்: மணிக்கு 15 கிலோமீட்டர் குறுக்குக் காற்று ஐம்பது மீட்டரில் குண்டைச் சுமார் ஓர் அங்குலம் தள்ளும். இலக்கின் பத்துப் புள்ளி வட்டமோ 10.4 மில்லிமீட்டர் அகலம்தான். தோட்டாப் பொருத்தம் பார்ப்பதை ஆடிக் காற்றில் வைத்துக்கொள்ளாதீர்கள். விடிகாலையில், கொடி அசையாத நேரத்தில் செய்யுங்கள்.

சித்திரை, வைகாசியில்: கண்ணாடி ஏற்றிய காருக்குள் தோட்டாவை விடாதீர்கள். நிழலில் வையுங்கள்.

## ரேஞ்சில் பாதுகாப்பு: விட்டுக்கொடுக்கக் கூடாதவை

1. குழல் எப்போதும் இலக்குப் பக்கமே. உறையிலிருந்து எடுப்பதும் வைப்பதும் சுடும் வரிசையில் மட்டுமே.
2. சுடாத நேரம் முழுக்க போல்ட் திறந்து, அறைக்குள் பாதுகாப்புக் கொடி செருகியிருக்க வேண்டும்.
3. "லோட்", "ஸ்டார்ட்", "ஸ்டாப்", "அன்லோட்". இந்த நான்கு கட்டளைகளும் ஆங்கிலத்தில்தான் வரும். முதல் நாளே பழகிக்கொள்ளுங்கள். "ஸ்டாப்" கேட்டதும், பாதி அழுத்திய ட்ரிக்கரானாலும் விட்டுவிடுங்கள்.
4. யாராவது இலக்குப் பக்கம் நடக்கும்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது. சைட்டைத் திருத்தக்கூட.
5. ட்ரிக்கர் அழுத்தியும் வெடிக்கவில்லையா? குழலை இலக்கு நோக்கியே வைத்து 30 விநாடி காத்திருங்கள். அதன்பின் மெதுவாகத் திறந்து, அந்தத் தோட்டாவைத் தனி டப்பாவில் போட்டு ரேஞ்சு அதிகாரியிடம் கொடுங்கள். ரிம்ஃபயரில் இது அவ்வப்போது நடக்கும்.
6. சத்தம் வழக்கத்தைவிடச் சப்பென்று கேட்டு, இலக்கில் ஓட்டை இல்லையென்றால் குண்டு குழலுக்குள் நிற்கிறது. அடுத்ததைச் சுடாதீர்கள். கையைத் தூக்குங்கள்.
7. காதடைப்பும் கண்ணாடியும் கட்டாயம். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே டீ, வடை. குண்டு ஈயம்.

## ரேஞ்சின் மனிதர்கள்

பல புதியவர்கள் இந்த விளையாட்டை விடுவது குறி சரியில்லாததால் அல்ல. ரேஞ்சில் கேட்ட ஒரு சொல்லால். நம் ஊர்ப்பக்கம் துப்பாக்கி என்றால் சுவரில் மாட்டும் கௌரவப் பொருள் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. அந்த நினைப்பு ரேஞ்சுக்குள்ளும் வரும்போது யார் வைத்திருப்பது, எந்த மேக், எந்தக் குடும்பம் என்பதெல்லாம் புள்ளியைவிடப் பெரிதாகிவிடுகிறது. இது மாறவேண்டும் என்று மனதார நினைக்கிறேன். மாறும்வரை நீங்கள் தாக்குப்பிடிக்க வழி சொல்கிறேன்.

முதலில் பிரித்தறியுங்கள். ஒருவர் உங்களைச் சத்தம் போட்டால் குரலின் உயரத்தைப் பார்க்காதீர்கள். சொன்ன விஷயத்தைப் பாருங்கள். அது குழலின் திசை, விரல், போல்ட் பற்றியது என்றால் அந்த நொடியே கீழ்ப்படியுங்கள். "சரி சார்" என்று மட்டும் சொல்லுங்கள், விளக்கம் வேண்டாம். ஓய்வுபெற்ற காவலரோ ராணுவத்தவரோ கடுமையாகப் பேசினால், பெரும்பாலும் விபத்தைக் கண்ணால் பார்த்தவராக இருப்பார். பாதுகாப்பைத் தவிர வேறு எதைப் பற்றிய பேச்சானாலும் அதை ஏற்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

"என்ன தம்பி, இஷாப்பூரா? இதை வச்சு என்ன சுடப்போற?" "பழகத்தான் அண்ணே வந்திருக்கேன்" என்பதோடு நிறுத்துங்கள். மறுவாரமே விலை உயர்ந்த ரைபிள் விசாரிக்கப் போகாதீர்கள். ஒரு நோட்டில் தேதி, தோட்டாத் தொகுதி, காற்று, ஐந்து ஓட்டையின் அகலம் ஆகியவற்றை எழுதிவாருங்கள். சில மாதங்கள் கழித்து அதே அண்ணன் உங்கள் இலக்குத் தாளை எட்டிப் பார்ப்பார்.

கேட்காமலே சொல்லித்தருகிறவர்கள். ஒருவர் முழங்கையை உள்ளே தள்ளச் சொல்வார், அடுத்தவர் வெளியே எடுக்கச் சொல்வார். ஒரே பயிற்சியாளரைத் தேர்ந்துகொண்டு, மற்றவர்களிடம் "நம்ம சார்ட்ட கேட்டுட்டுச் செய்றேன்ண்ணே" என்று சொல்லுங்கள். யார் மனமும் நோகாது.

"குடு, ஒரு ரவுண்டு சுட்டுப் பாக்குறேன்." உரிமம் உங்கள் பெயரில். துப்பாக்கிக்கு நீங்களே பொறுப்பு. "உரிமம் எம்பேர்ல இருக்குண்ணே, மன்னிக்கணும்" என்று சொல்லி மறுத்துவிடுங்கள். எத்தனை பெரிய மனிதரானாலும் இதே பதில்தான்.

படம் பார்த்து வந்தவன் என்ற முத்திரை. 2022 ஜூலையில் திருச்சி ரைபிள் கிளப்பில் நடந்த 47ஆவது மாநிலப் போட்டியில் நடிகர் அஜித்குமார் கலந்துகொண்டார். அவரைப் பார்த்து ஆசைப்பட்டு வந்த இளைஞர்கள் உண்டு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எதைப் பார்த்து வந்தீர்கள் என்பதைவிட, தொடர்ந்து வருகிறீர்களா என்பதே முக்கியம். ரைபிளோடு படம் எடுத்து வலைத்தளத்தில் போடுவதை மட்டும் விடுங்கள். காவல்துறையும் பார்க்கும், திருடனும் பார்ப்பான். விசேஷ வீட்டில் மகிழ்ச்சிக்காகச் சுடுவது 2019 திருத்தத்தின்படி இரண்டு ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம்.

பெண்களிடம் "பாப்பா, கனமா இருக்கா?" என்று வருகிற கேள்வி. இதற்கு என்னிடம் பணிவான பதில் இல்லை. ஹாங்சோவில் 2023இல் நடந்த ஆசியப் போட்டியில் சிஃப்ட் கவுர் சம்ரா ஐம்பது மீட்டர் மூன்று நிலையில் 469.6 புள்ளியோடு உலக சாதனை படைத்துத் தங்கம் வாங்கினார். வரிசையில் இடம் கேட்பதற்குப் பெண்கள் யாரிடமும் தயங்க வேண்டியதில்லை. கையைப் பிடித்துத் திருத்த வருகிறவரிடம் "வாயால சொல்லுங்க சார், நானே செய்றேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

மூத்தவரே விதியை மீறினால். இதுதான் கடினம். பல ஆண்டு அனுபவமுள்ளவர் பேசிக்கொண்டே குழலை வரிசையின் குறுக்கே திருப்புவார். எல்லோரும் பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பார்கள். ஆபத்தைக் கண்டால் "ஸ்டாப்" என்று கத்தும் உரிமை, நேற்றுச் சேர்ந்தவருக்கும் உண்டு. கத்துங்கள். அவர் கோபப்பட்டால் படட்டும். பின்னர் தனியாகப் போய் "அண்ணே, குழல் எங்க பக்கம் திரும்புச்சு, அதான்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.

இதே ஆள் இதே தவற்றைத் திரும்பச் செய்தாலோ, ஏளனம் தொல்லையாக மாறினாலோ, கிளப் செயலாளருக்குத் தேதி, நேரம், நடந்தது மட்டும் கொண்ட ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். பதில் வராவிட்டால் வேறு நேரத்துக்கு, அதுவும் ஆகாவிட்டால் வேறு கிளப்புக்கு மாறுங்கள்.

## வீட்டிலும் வழியிலும்

1. பயணத்தில் போல்ட்டைக் கழற்றி, ரைபிளைப் பூட்டிய பெட்டியில் வையுங்கள். தோட்டா தனிப் பூட்டில். அசல் உரிமம் கையில்.
2. வழியில் டீ குடிக்க இறங்கினாலும் பெட்டியை வண்டியில் விட்டுப் போகாதீர்கள்.
3. வீட்டில் சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டி வேண்டும். தோட்டாவும் சாவியும் வெவ்வேறு இடத்தில். துணி உறை, தோல் உறைக்குள் நாள்கணக்கில் வைத்தால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் துருப்பிடிக்கும்.
4. கரிசல் தூசு எண்ணெயில் ஒட்டி அரைத்துவிடும். எண்ணெயைத் தொட்டுத் தடவி, உலர் துணியால் துடைத்துவிடுங்கள். குழலை எப்போதும் பின்பக்கத்திலிருந்தே சுத்தம் செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் பளபளக்கத் தேய்க்கத் தேவையில்லை.
5. தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஆயுதத்தை ஒப்படைக்கச் சொல்லி ஆணை வரும். காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். இந்திய தேசிய ரைபிள் சங்கத்தின் உறுப்பினராக இருந்து, அந்தச் சமயத்தில் போட்டி இருந்தால், அழைப்புக் கடிதத்தை இணைத்து விலக்குக் கேட்டு முன்கூட்டியே மனு கொடுங்கள். தேர்தல் முடிந்து திரும்ப வாங்கும்போது குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள்.